ஊருக்கெல்லாம் ஒரே வெப்பமானி

ஏரியின் மேல் யாருக்கும் குறையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நல்ல திட்டத்தைக் கெடுக்க வந்த கதை என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு மேற்கே அந்த ஏரி அது பாட்டுக்குக் கிடந்தது. அதன் ஆழத்துத் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். அந்தக் குளிர்ச்சியைக் குழாய் வழியாக வீடுகளுக்குக் கொண்டுவரலாம், குளிர்காலத்தில் அதே தண்ணீரில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை இயந்திரத்தால் கறந்து பெருக்கி வீடுகளுக்கு அனுப்பலாம், இயந்திரம் ஓடக் காற்றாலையும் சூரியத் தகடும் போதும், புகையே கிடையாது என்று பொறியாளர்கள் சொன்னார்கள். சொன்னபடி செய்தும் முடித்தார்கள். வீட்டுக்கு வீடு சுவரோரம் இரண்டு குழாய்கள் வந்தன, ஒன்று சூட்டுக்கு, ஒன்று குளிருக்கு. நடுவே ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் சூடு, அந்தப் பக்கம் திருப்பினால் குளிர். வேலை முடிந்ததும் பொறியாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய காரியம் ஓர் ஆணையம் இல்லாமல் நடந்துவிட்டதே என்று மேலே இருந்தவர்களுக்கு உறுத்தியது. ஏரி வெப்ப ஆணையம் பிறந்தது. பிறந்த அன்றே அது திருகுகளைப் பார்த்துப் பதறியது. ஆளாளுக்குத் திருப்பிக்கொண்டால் என்னாவது? சளி பிடித்தவன் சூடு கேட்பான், அடுப்படியில் நிற்பவள் குளிர் கேட்பாள், ஒழுங்கு என்று ஒன்று இருக்க வேண்டாமா? திருகுகளைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. அது ஆணையத்தின் அலமாரியில். இனிமேல் ஊருக்கு எப்போது சூடு, எப்போது குளிர் என்று ஆணையம் முடிவு செய்யும். முடிவு செய்து, ஒரு கம்பியின் வழியே எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் திருப்பும்.

முடிவு செய்ய வேண்டுமானால் ஊர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெருவுக்கு ஒரு வெப்பமானி வைக்கலாமே என்று கூட்டத்தில் யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆணையத் தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தெருவுக்கு ஒண்ணு வெச்சா தெருவுக்கு ஒரு மாதிரி சொல்லும். அப்புறம் எதுய்யா உண்மை? ஒண்ணே ஒண்ணு வெச்சா, அது சொல்றதுதான் உண்மை. மாத்திச் சொல்ல ஆளே இருக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒன்றை ஊரின் நட்டநடுவில் வைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. நட்டநடு எது? தலைவர் தன் பையிலிருந்து ஊர்ப் படத்தை எடுத்தார். பைக்குள் அடங்குவதற்காக அதை நாலாக மடித்து வைத்திருந்தார். விரித்ததும் மடிப்புக் கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் விரலை வைத்தார். விரலுக்கு அடியில் இஸ்திரிக் கடை இருந்தது.

இஸ்திரிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் உண்டு, அவர் மேசை உண்டு. பழைய போர்வைகளை அடுக்கடுக்காகப் போட்டு இழுத்துக் கட்டிய நீள மேசை. கனமான இஸ்திரிப் பெட்டி. ஆவிக்குத் தண்ணீர் கொதிக்கும் ஒரு செப்புப் பாத்திரம். சுவர் முழுக்க அலமாரி, அதில் வாடிக்கையாளர் வாரியாக மூட்டைகள். அவர் தேய்ப்பார், மனைவி மடிப்பாள். வீடு பின்சந்தில்தான் என்றாலும் இருவரும் கண்விழித்திருக்கும் பொழுதெல்லாம் கடையில்தான். அவர் பேச்சு குறைவு. மனைவி அதையும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

ஒரு நாள் ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாக்கியத்துக்கு ஒரு ஆகவே போடாமல் அவருக்கு மூச்சு விடத் தெரியாது. அதனால் அந்தத் தெருவில் அவர் பெயரே ஆகவே என்றாகிவிட்டது.

"உங்க கடைதான் ஊரோட மையம்," என்றார் ஆகவே. "ஆகவே, வெப்பமானி இந்தச் சுவர்லதான் வரும்."

"மேசைக்கு நேர் மேலயாங்க? ஆவி அடிக்குமே."

"ஆவி உங்க சொந்த விஷயம். நாங்க ஊரோட வெப்பத்த மட்டும்தான் அளப்போம்."

மனைவி குறுக்கே புகுந்தாள். "அது சரி, எல்லார் வீட்டுக்கும் குழாய் வந்துடுச்சு. எங்க கடைக்கு எப்ப சார்?"

"வராதும்மா. அளக்குற இடத்துல நாங்களே குளிரையும் சூட்டையும் கொடுத்தா, கருவி எங்களுக்குச் சாதகமாப் பேசிடும். நடுநிலை போயிடும். ஆகவே, ஊர்லயே குழாய் இல்லாத ஒரே கட்டடம் இதுதான். பெருமைப்படுங்க."

திறப்பு விழாவில் தலைவர் வந்து வெப்பமானிக்கு முன்னால் நின்று பேசினார். "வேற ஊர்ல எல்லாம் பணக்காரன் வீடு ஒரு சூடு, ஏழை வீடு ஒரு சூடு. நம்ம ஊர்ல ஒரே வெப்பநிலை! எங்க அளந்தாலும் ஒண்ணுதான், ஏன்னா ஒரே இடத்துலதான் அளக்கிறோம். என் அறையில மட்டும் பழைய ஏசியும் ஹீட்டரும் தனியா ஓடுது. மக்கள் எவ்வளவு சொகுசா இருக்காங்கன்னு ஒப்பிட்டுப் பாக்க யாராவது தியாகம் பண்ணித்தானே ஆகணும்?" பிறகு இஸ்திரிக்காரருக்கு 'வெப்ப மையக் காவலர்' என்று ஒரு பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார். அது கசங்கியிருந்தது. இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போகுமுன் அதைத் தேய்த்து மடித்து வைத்தார்.

குளிர்காலம் வந்தது. கம்பளிச் சட்டைகளும் கோட்டுகளும் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன, தேய்க்க வந்தன. இஸ்திரிக்காரர் தேய்த்தார். ஈரத்துணியைப் போட்டு அழுத்த, ஆவி குபுகுபுவென்று எழும்பி நேராகச் சுவரில் இருந்த வெப்பமானியைத் தடவிக்கொண்டு போனது. ஆணையத்தில் மணி அடித்தது. ஊர் வேகிறது! திருகுகள் எல்லாம் குளிர்ப்பக்கம் திரும்பின. ஏரியின் அடிவயிற்றுக் குளிர் வீடு வீடாக நுழைந்தது. குளிர் தாங்காத சனம் இன்னும் இரண்டு கோட்டுகளை எடுத்து, தேய்க்கக் கொடுத்தது. கோட்டு கூடக் கூட ஆவி கூடியது. ஆவி கூடக் கூடக் குளிர் கூடியது. குளிர் கூடக் கூடக் கோட்டு கூடியது.

கடைக்குள் மட்டும் கதகதப்பாக இருந்தது. "இந்த வருஷம் வியாபாரம் அமோகம்," என்று இஸ்திரிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். பக்கத்துக் கடையில் சாவி செய்பவர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, என் வீட்டுல தேங்காயெண்ணெய் மட்டுமில்ல, நல்லெண்ணெயும் உறைஞ்சு போச்சு. நீங்க மட்டும் வேர்வையோட நிக்கிறீங்க."

மனைவி வெப்பமானியை ஒரு பார்வை பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, இந்த சனியன் நம்ம ஆவியத்தான் ஊரோட சூடுன்னு சொல்லுது," என்றாள். கடையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை.

இஸ்திரிக்காரர் அன்றே ஆகவேயைத் தேடிப் போனார். "இந்தக் குச்சிய நாலடி தள்ளி, வெளிச்சுவர்ல வெச்சுடுங்க சார். ஊரே நடுங்குது."

ஆகவே மிரண்டுவிட்டார். "தள்ளறதா? தள்ளினா இதுவரைக்கும் காட்டினது தப்புன்னு ஆகிடும். ஆண்டறிக்கை அச்சாயிடுச்சு. அதுல ஊர் கதகதப்பா இருக்குன்னு போட்டிருக்கு."

"நடுங்குற ஜனங்ககிட்ட கேளுங்க சார்."

"ஜனங்களைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அதுக்குத்தானே வெப்பமானி வெச்சோம்? கருவி சரியா இருக்கு. உங்க கடைதான் அதுக்கு ஒத்துழைக்கல. ஆகவே, நாளைலேருந்து கடைக்குள்ள துணி தேய்க்கக் கூடாது."

அவர் திரும்பி வந்தார். தேய்க்காத மூட்டைகளை வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரி காலியாகக் காலியாக அவர் தட்டுகளைத் துடைத்து வைத்தார்.

பெட்டி அணைந்தது, பாத்திரம் ஆறியது. குழாய் இல்லாத கடை குளிரில் விறைத்தது. வெப்பமானி மளமளவென்று இறங்கியது. ஊர் உறைகிறது என்று ஆணையம் அலறி, திருகுகளைச் சூட்டுப்பக்கம் கடைசிவரை திருப்பியது. நடுக்குளிர்காலத்தில் ஊர்மக்கள் பனியனோடு ஜன்னலில் தொங்கினார்கள். மெழுகுவர்த்தி வளைந்தது. இப்போது சாவிக்காரர் கொஞ்சம் குளிர்ந்துகொள்வதற்காகக் கடைக்கு வந்தார்.

ஆகவேயும் வந்தார், வெக்கையில் முகம் சிவந்து. "நிலைமை மோசமாயிருக்கு. ஆகவே, நீங்க மறுபடி தேய்க்கணும்."

இஸ்திரிக்காரர் முகம் மலர்ந்தது. "மூட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கலாங்களா?"

"மூட்டையா? பொது வெப்பத்துலேருந்து தனியார் லாபம் பாக்கக் கூடாது. இந்தப் போர்வைய வெச்சுக்கங்க. ஆணையத்தோடது. இதைத்தான் தேய்க்கணும். வெப்பமானி இறங்கினா தேய்க்கணும், ஏறினா நிறுத்தணும்."

"தேய்ச்சு முடிச்சதும்?"

"முடிக்காதீங்க. அதான் வேலையே. இதுக்குப் பொதுநலத் தேய்ப்புன்னு பேரு. கௌரவப் பதவி. ஆகவே, சம்பளம் கிடையாது."

இஸ்திரிக்காரர் போர்வையைத் தேய்த்தார். அதில் சுருக்கம் என்று ஒன்று இருந்தால்தானே? முதல் நாளே அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிறகு தினமும் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் விருந்தாளிகள் வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் தலை குனிந்தே நின்றார். மனைவிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாளா பாக்குறேன், உங்க கையால ஒரு மடிப்பு கோணலாப் போனதில்ல. கல்யாண மாப்பிள்ளைங்கள்லாம் உங்க கைதான் வேணும்னு நின்னாங்க. இப்ப சுருக்கமே இல்லாத போர்வையத் தேய்க்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு," என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஆணையத்துக்கு விருது ஒன்று வருவதாகச் செய்தி வந்தது. ஏரி நீரால் இயங்கும் நகரங்களைப் பார்த்து விருது கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு நடுவர் குழு வரப்போகிறது. ஆணையம் தலைகால் புரியாமல் ஆடியது. விழா நாள் காலையில் பார்த்தால் தலைவர் முதல் கடைசி அதிகாரி வரை யாருடைய கோட்டும் போட்டுக்கொள்கிற நிலையில் இல்லை. ஆகவே ஒரு வண்டி நிறைய கோட்டுகளோடு கடை வாசலில் வந்து இறங்கினார்.

"கடைக்குள்ள தேய்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"தனியார் துணியத் தேய்க்கக் கூடாது. இது ஆணையத்தோட துணி. ஆகவே, இதுல சூடு வராது."

இஸ்திரிக்காரர் தலைவருடைய கோட்டைத் தேய்த்து முடிப்பதற்குள் அவரையே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வெப்ப மையக் காவலர் மேடையில் இல்லாவிட்டால் எப்படி? மற்ற கோட்டுகள் மனைவியின் தலையில் விழுந்தன. தேய்க்கத் தேய்க்க அனுப்பு, வண்டி வந்து வந்து எடுத்துக்கொள்ளும் என்றார்கள். "ஆகட்டும், அனுப்புறேன்," என்றாள் அவள். அந்தக் குரல் கணவனுக்குத் தெரியும். 

ஏரிக்கரை மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பெரிய விளக்குப் பலகை. கடையில் வெப்பமானி என்ன காட்டுகிறதோ அதைப் பலகையும் காட்டும். தலைவர் பேசத் தொடங்கியபோது எண் ஏறத் தொடங்கியது. இஸ்திரிக்காரர் பலகையைப் பார்த்தார். மெல்ல ஏறினால் பருத்தி. சட்டென்று எகிறினால் ஈரத்துணி போட்டு அழுத்துகிறாள். சற்று நின்றால் தண்ணீர் குடிக்கிறாள். ஒரேயடியாக எழும்பியபோது அவருக்கு விளங்கிவிட்டது: கம்பளிக்கு வந்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் ஏரியின் குளிர் இறங்கியது. முன்வரிசைக்காரர்களின் வாயிலிருந்து புகை வந்தது. ஆனால் பலகையில் கோடைகாலத்தின் எண் எரிந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் பலகையைப் பார்த்தார்கள், தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் நெற்றியில் இல்லாத வேர்வையைத் துடைத்தார். உடனே எல்லோரும் துடைத்தார்கள். தலைவர், "அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று கோட்டைக் கழற்றினார். தேய்த்து வந்த சூடு ஆறாத கோட்டுகளை அத்தனை பேரும் கழற்றினார்கள். ஆகவே சட்டையின் மேல் பொத்தானையும் அவிழ்த்துவிட்டார். பற்கள் கிட்டிப்போனதால் அவரால் ஆகவே என்று சொல்ல முடியவில்லை. யாரோ மின்விசிறியைப் போட்டார்கள்.

நடுவர் குழுவின் தலைவி ஒரு வயதான அம்மாள். மேசை விரிப்பை உருவிப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "ஐயா, எனக்கு மட்டும்தான் குளிருதா?"

"அம்மா, அது உங்களோட தனிப்பட்ட குளிர்," என்றார் தலைவர் நடுங்கும் உதடுகளோடு. "நாங்க பொதுவான வெப்பத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

அந்த அம்மாள் மேடையில் ஓரமாக நின்ற இஸ்திரிக்காரரிடம் திரும்பினார். "வெப்பமானி உங்க கடையிலதானே இருக்கு? அங்க இப்ப என்ன நடக்குது?"

அவர் தலைவரைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது என்பதில்லை. குளிரில் யோசிக்க முடியவில்லை. "என் வீட்டுக்காரி இவங்க கோட்டத் தேய்ச்சுக்கிட்டு இருக்காம்மா," என்றார்.

 அந்த அம்மாள் வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: ஏரி வேலை அருமை, பொறியாளர்கள் வேலை அருமை, விருது உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, தலைவர் அறை உட்பட ஆணையக் கட்டடம் முழுவதும் ஊரோடு சேர்ந்து இதே குழாயில் இருக்க வேண்டும். ஏசி, ஹீட்டர் எல்லாம் வெளியே போக வேண்டும். இரண்டு, வெப்பமானியையும் இஸ்திரிக் கடையையும் உடனே பிரிக்க வேண்டும்.

இஸ்திரிக்காரர் கடைக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். "பிரிச்சுடுவாங்களாம்! நாளைலேருந்து நம்ம வேலைய நாம பாக்கலாம்." அவள் கூட அன்று கண் கலங்கிவிட்டாள்.

ஆணையம் சொன்ன சொல் தவறவில்லை. தலைவர் அறையில் ஏசியும் ஹீட்டரும் கழன்று, குழாய் வந்தது. மறுநாளே ஆட்கள் வந்து வெப்பமானியிடமிருந்து கடையைப் பிரித்தார்கள். கூரையைப் பிரித்தார்கள், அலமாரியைப் பிரித்தார்கள், மூன்று சுவர்களை இடித்தார்கள். வெப்பமானி இருந்த சுவரை மட்டும் தொடவில்லை. அது தெருவில் ஒற்றையாக நின்றது. இஸ்திரிக்காரராலும் மனைவியாலும் மேசையையும் பெட்டியையும் செப்புப் பாத்திரத்தையும்தான் காப்பாற்ற முடிந்தது.

"அந்தக் குச்சிய ஒரு ஆணியப் பிடுங்கி நகர்த்தியிருக்கலாமே, பாவிகளா!" என்று மனைவி கத்தினாள்.

ஆகவே பொறுமையாக விளக்கினார். "கருவிய நகர்த்தினா பழைய அளவெல்லாம் தப்பாயிடும். கடைய நகர்த்தினா எதுவும் தப்பாகாது. ஆகவே, இதான் வழி."

இஸ்திரிக்காரர் இடிபாட்டின் நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. சாவிக்காரர் மட்டும் நிற்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். தன் வீட்டுத் தகரப்பெட்டியின் பூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அடுத்த சில நாட்களில் சாவிக்காரர் கடையில் நல்ல கூட்டம். "எல்லாத்துக்கும் ஒரே சாவின்னு அவங்களே சொல்லிட்டாங்க. இவ்வளவு லேசான வேலைய எனக்கு யாரும் கொடுத்ததே இல்ல," என்றார் அவர். வீட்டுக்கு வீடு பெட்டி திறந்தது, கம்பி கழன்றது, திருகு வெளியே வந்தது. சளி பிடித்தவர் சூட்டுப்பக்கம் திருப்பினார், அடுப்படியில் நின்றவர் குளிர்ப்பக்கம் திருப்பினார். ஏரி எல்லோருக்கும் கொடுத்தது. அதற்கு ஒன்றும் முகச்சுளிப்பு இல்லை. புகார் சொல்ல ஆளில்லாமல் போனதும் ஆணையம் அதையும் தன் சாதனையில் சேர்த்துக்கொண்டது. வெப்பமானியின் சொல்படி இன்னும் திரும்பிக்கொண்டிருந்த திருகுகள் ஆணையத்தின் சொந்தக் கட்டடத்தில் மட்டும்தான் இருந்தன. அங்கே கள்ளச்சாவி போட ஒழுங்கு இடம் கொடுக்கவில்லை.

ஒரு காலையில் இஸ்திரிக்காரரும் மனைவியும் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஒற்றைச் சுவரின் அடியில் போட்டார்கள். சாவிக்காரர் தன் கடையிலிருந்து மின்கம்பி இழுத்துக் கொடுத்தார். செப்புப் பாத்திரம் கொதிக்கத் தொடங்கியதும் மூட்டைகள் வரத் தொடங்கின. ஊருக்கு இந்த இடம்தானே பழக்கம். ஆகவே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கடைக்குள்ள தேய்க்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு!"

"ஆமாங்க," என்றார் இஸ்திரிக்காரர். "கடை எங்கங்க இருக்கு?"

ஆகவே சுற்றுமுற்றும் பார்த்தார். இடித்தது அவர்தான். வாயைத் திறந்தார், ஆகவே வரவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார்.

மனைவி மூட்டைகளைப் பிரித்தாள். "எதை முதல்ல எடுக்கட்டும்? பருத்தியா?"

இஸ்திரிக்காரர் தலைக்கு மேலே இருந்த வெப்பமானியைப் பார்த்தார். பிறகு ஏரிக்கரையில் நின்ற ஆணையக் கட்டடத்தைப் பார்த்தார். தலைவர் அறை ஜன்னல் இங்கிருந்தே தெரிந்தது.

"கம்பளிய எடு," என்றார். "நல்லா கனமானதாப் பாத்து எடு."